சித்தப்பாவின் அலமாரி நிறைய லென்ஸ்கள்: ஒருவருக்கு எதற்கு இத்தனை?

சாட்ஸ்வொர்த் பெண் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். நான் தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். என் சித்தப்பா வாரம் முழுக்க துணித் தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு, சனி ஞாயிறுகளில் படம் எடுத்தவர். எங்கள் பக்கத்துக் கல்யாணம், காவடி, தீமிதி, பள்ளிக்கூட விழா எல்லாம் எழுபதுகளிலிருந்து அவர் கையில்தான் பதிவானது. போன வருடம் காலமாகிவிட்டார். சித்தி வீட்டை விட்டுவிட்டு மகனோடு ஜோகன்னஸ்பர்க் போகப் போகிறார். குடும்பத்தில் கேமரா வைத்திருப்பது நான் ஒருத்திதான் என்பதால் அவருடைய அலமாரியைப் பிரித்துப் பார்க்கும் வேலை என்னிடம் வந்தது.

கேமரா மூன்று, லென்ஸ் பதினாறு. 50 எம்எம் (இந்த எண் கூடக் கூடத் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும்) மட்டும் நாலு: மூன்று திருகி மாட்டுகிற பென்டாக்ஸ் டாக்குமார், ஒன்று நிக்கான். 135 இரண்டு, 28 இரண்டு, அப்புறம் 35, 105, 200, டாம்ரான் 90 மேக்ரோ, விவிடார் ஜூம்கள், இரண்டு எனக்குப் பெயர் தெரியாதவை. இந்தப் பதினாறில் இரண்டு லென்ஸ்கள் பெட்டியோடு, உள்ளே சுற்றின தாளோடு அப்படியே இருக்கின்றன. ஒரு 50-இன் கண்ணாடி தேநீர் நிறத்தில் மஞ்சளாக இருக்கிறது. வேறொரு லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி ஏதோ படர்ந்திருக்கிறது.

அவர் பணக்காரர் இல்லை. சித்தி என்னைக் கேட்டார்: "இதெல்லாம் அவருக்கு வேண்டித்தான் இருந்ததா, இல்லை சும்மா வாங்கி வாங்கி வைத்தாரா?" கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

நான் சேர்ந்திருக்கும் கேமரா கிளப்பிலும் இதே கதைதான். பை நிறைய வைத்திருப்பவர்கள் அடுத்ததைப் பற்றித்தான் பேசுகிறார்கள். என்னிடம் இருப்பது கேனான் ஆர்10 கேமராவும் அதோடு வந்த 18-45 லென்ஸும் மட்டும். அங்கே போய்விட்டு வந்தால் எனக்கே ஏதோ குறைகிற மாதிரி இருக்கிறது. படம் எடுப்பவர்கள் ஏன் தேவைக்கு மேல் லென்ஸ் சேர்க்கிறார்கள்? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாரிட்ஸ்பர்க்காரன்

சித்தப்பாவுக்கு என் அஞ்சலி.

பெரிய ரகசியம் எதுவும் இல்லை என்பது என் எண்ணம். லென்ஸ் செய்கிறவர்கள் மேலே ஏற ஒரு படி எப்போதும் வைத்திருக்கிறார்கள். கேனானையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய ஆர் வகைக் கேமராக்களில் மாட்டும் ஆர்எஃப் 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸின் எடை 160 கிராம் (எஃப் எண் குறையக் குறைய உள்ளே வரும் வெளிச்சம் கூடும்). அதே 50, எஃப் 1.2 வேண்டும் என்றால் 950 கிராம். கூடுதலாகக் கிடைக்கும் வெளிச்சம் இரண்டேகால் மடங்கு. எடை கிட்டத்தட்ட ஆறு மடங்கு, விலையோ எங்கேயோ போய்விடுகிறது. சிறியதை வைத்திருப்பவனுக்குப் பெரியது கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். வாங்கினால் சிறியதையும் விற்கமாட்டான், "நடந்து போகும்போது ஆகும்" என்பான். இப்படித்தான் ஒன்று இரண்டாகிறது.

வேகமாக விற்றுவிடுங்கள் என்றே சொல்வேன். நம் கடற்கரை ஈரத்தில் வைத்திருக்க வைத்திருக்க மதிப்புக் குறையும்.

முகூர்த்தப் படக்காரர்

அவசரப்பட்டு விற்க வேண்டாம் அம்மா. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் டர்பனுக்குப் பக்கத்து டோங்காட்காரன். உங்கள் சித்தப்பாவோடு பழக்கம் இல்லை, ஆனால் நீங்கள் கொடுத்திருக்கும் பட்டியலோடு எனக்கு வாழ்நாள் பழக்கம் உண்டு. அந்தக் காலத்தில் வாரக்கடைசிக் கல்யாணம் எடுத்தவர்கள் யார் அலமாரியைத் திறந்தாலும் பாதி இதுதான் இருக்கும். சித்தியிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்: அந்தப் பதினாறில் பாதிக்கு மேல் அவருக்கு வேண்டித்தான் இருந்தது.

நாலு 50-ஐப் பார்த்துத்தான் எல்லோரும் மலைப்பார்கள். அதை யாரும் சேர்ப்பதில்லை, அது தானாக வந்து சேரும். அன்றைக்குக் கேமரா வாங்கினால் 50-ம் அதில் மாட்டித்தான் வரும், இன்று உங்கள் ஆர்10 18-45 ஓடு வந்த மாதிரி. உதிரிப் பாகத்துக்காகப் பழைய கேமரா ஒன்றை வாங்கினாலும் அதோடு ஒரு 50 வரும். டாக்குமார் உட்காரும் திருகு மவுண்ட், அதாவது லென்ஸைக் கேமராவில் மாட்டும் வாய், 42 மில்லிமீட்டர் விட்டம், பல கம்பெனிகள் அதே அளவில் கேமரா செய்தன, எதை எதிலும் மாட்டலாம். 1975-இல் பென்டாக்ஸ் அந்தத் திருகை விட்டுவிட்டு கே மவுண்டுக்குப் போனது. மாறிப் போனவர்கள் பழைய திருகு லென்ஸ்களைக் கைமாற்றினார்கள், மாறாதவர்கள் வாங்கிக்கொண்டார்கள். நிக்கான்காரர்களுக்கு அந்தக் கவலை இல்லை. 1959-இல் வந்த எஃப் மவுண்டை அவர்கள் ஃபிலிம் காலம் முழுவதும் விடவே இல்லை. உங்கள் சித்தப்பாவிடம் இரண்டும் இருப்பதைப் பார்த்தால், டாக்குமாரில் தொடங்கி நடுவில் நிக்கானுக்கு வந்திருக்கிறார், பழையதைத் தள்ளிவிட மனம் வரவில்லை என்று தோன்றுகிறது.

அடுத்தது, ஒரே அளவில் இரண்டு வைத்திருப்பது. தாலி கட்டுவது ஒரே ஒரு நிமிடம். ஐயர் கெட்டிமேளம் சொல்லும் நேரத்தில் லென்ஸில் வெளிச்சத்தை உள்ளே விடும் துளையின் தகடு ஒட்டிக்கொண்டால் இன்னொரு தடவை கட்டச் சொல்ல முடியாது. மாற்று லென்ஸ் பையில் இல்லாமல் முகூர்த்தத்துக்குப் போகிறவரிடம் யாரும் அடுத்த கல்யாணத்தைக் கொடுக்கமாட்டார்கள். இரண்டு 28-ம் இரண்டு 135-ம் அதற்குத்தான். அவை வருடக்கணக்கில் பையை விட்டு வெளியே வராமலே இருந்திருக்கலாம். வராமல் இருந்ததென்றால் முதல் லென்ஸ் ஒழுங்காக வேலை செய்தது என்று பொருள்.

இன்னொரு காரணத்தை இன்றைய பிள்ளைகள் உணர்வது கஷ்டம். வண்ணச் சுருளின் வேகம், அதாவது வெளிச்சத்தை உணரும் அளவு, பெரும்பாலும் 100 என்று இருந்த காலம் அது. இன்று மண்டபம் இருட்டாக இருந்தால் அதே அளவை, ஐஎஸ்ஓவை, 6400-க்குத் திருப்பிவிடுகிறீர்கள். அன்று சுருளை மாட்டியபின் அந்த எண்ணை முடிந்தவரை தொடமாட்டோம். ஃபிளாஷ் இருந்தது, எல்லோரும் அதை வைத்துத்தான் எடுத்தோம். ஆனால் ஃபிளாஷ் அடித்தால் ஹோமத் தீயின் வெளிச்சம் முகத்திலிருந்து போய்விடும், குத்துவிளக்கு வெறும் பித்தளையாகத் தெரியும். அந்த வெளிச்சம் படத்தில் வர வேண்டும் என்று நினைத்தவனுக்கு எஃப் 1.4 ஒன்றுதான் வழி. எஃப் 2.8-ஐவிட அது நாலு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். உங்கள் 18-45 நீளக் கோடியில் எஃப் 6.3. அதோடு ஒப்பிட்டால் சித்தப்பாவின் 50 எஃப் 1.4 இருபது மடங்கு விடும். நாலு 50-ல் குறைந்தது இரண்டு எஃப் 1.4-ஆக இருக்கும் என்று நினைக்கிறேன். எழுத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

பெட்டி பிரிக்காத இரண்டைப் பற்றி ஓர் ஊகம். 1985-இல் நம் பணம் ராண்டின் மதிப்பு சடசடவென்று விழுந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்க வயது பத்தாது. கேமராச் சாமான் பெரும்பாலும் ஜப்பானிலிருந்து வந்தவை. போன மாதம் பார்த்த விலை இந்த மாதம் இருக்காது. கிரே ஸ்ட்ரீட் பக்கம் ஒரு கடையில் பழைய விலைச் சீட்டோடு ஒரு லென்ஸ் கண்ணில் பட்டால், இன்று வேண்டுமோ வேண்டாமோ, எடுத்து வைத்துவிடுவோம். அடுத்த தடவை அந்த விலைக்குக் கிடைக்காது என்று எங்களுக்குத் தெரியும். அந்தப் பயத்தில் வாங்கிய பொருள் என் வீட்டிலும் உண்டு.

சரி, இவை தேவைக்கு வாங்கியவை. மிச்சம் இருக்கிறதே, அதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

ஒரு படம் சரியாக வராமல் போக எத்தனையோ காரணம். நின்ற இடம் சரியில்லை. வெளிச்சம் வரும்வரை காத்திருக்கவில்லை. எதிரில் இருந்த மனிதருக்கு நம்மைத் தெரியாது, அதனால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். விரல் ஒரு கணம் பிந்தியது. அப்புறம், லென்ஸ் எட்டவில்லை. இத்தனையில் கடையில் காசு கொடுத்து வாங்கக்கூடியது கடைசி ஒன்றுதான். பொறுமையை யாரும் அட்டைப் பெட்டியில் விற்பதில்லை. அதனால் நல்ல உழைப்பாளி ஒருவன், தன் படம் இன்னும் நன்றாக வர வேண்டும் என்று உண்மையாகவே ஏங்குகிறவன், எங்கே போவான்? தன்னால் திருத்த முடிகிற குறையைத் திருத்தப் போவான். சனிக்கிழமை தவறவிட்ட படத்தை மனதில் வைத்துக்கொண்டு மாதக் கடைசியில் கடைக்குப் போவான். தேவைக்கு மேல் லென்ஸ் சேர்கிற வழி பெரும்பாலும் இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். இதைப் பேராசை என்று சொல்ல நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். படத்தின் மேல் அக்கறை இல்லாதவனுக்கு ஒரு லென்ஸே போதும், அதையும் துடைக்கமாட்டான்.

என் 105 வந்த கதையைச் சொல்கிறேன். உம்கேனி ரோடு கோயில் தைப்பூசக் காவடியில், நாக்கில் வேல் குத்திய ஒருவரின் முகத்தைப் பக்கவாட்டில், கண் மூடியிருக்கும்போது எடுக்க ஆசைப்பட்டேன். 50-ல் முகம் சிறியதாக வந்தது, நெருங்கினால் கூட்டம் தள்ளியது. நிக்கான் 105 எஃப் 2.5 வாங்கினேன். அருமையான கண்ணாடி, இன்றும் அதைக் கையில் எடுத்து ஃபோகஸ் வளையத்தைத் திருப்பினால் மனது நிறைகிறது, அவ்வளவு மென்மையாக ஓடும். ஆனால் 105-க்குக் கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டும், தள்ளி நின்றால் நடுவே நாலு பேர் தலை வரும். அந்தப் படம் கிடைத்தது எப்படித் தெரியுமா? முந்தின நாள் இரவு கோயில் சமையற்கட்டில் காய் நறுக்கப் போய் உட்கார்ந்தேன். காவடி எடுக்கிற குடும்பத்தோடு பேசிக்கொண்டிருந்தேன். மறுநாள் அவருடைய அண்ணனே கையைப் பிடித்து இழுத்து, "இங்கே நில்லுங்கள்" என்று இடம் கொடுத்தார். அங்கிருந்து 105-ல் எடுத்தேன். லென்ஸும் வேண்டியிருந்தது, காய் நறுக்கியதும் வேண்டியிருந்தது. இரண்டாவது இல்லாமல் முதலாவதை எத்தனை வாங்கியும் பயன் இல்லை.

நம் டர்பன் பக்கத்துப் படக்காரர் ரஞ்சித் காலியைப் பற்றி உங்கள் கிளப்பில் பேசுகிறார்களா? இசிபிங்கோவில் 1925-இல் பிறந்தவர், செருப்புத் தொழிற்சாலைத் தொழிலாளி. பழைய சாமான் விற்பனையில் கிடைத்த ஒரு கோடாக் கேமராவில் தொடங்கினார். டிரம் பத்திரிகைக்கு அவர் எடுத்த தலைவர் லுத்துலி, பாடகி மிரியம் மகேபா படங்களை இன்று உலகமே பார்க்கிறது. பிரான்சில் பெயர் பெற்ற படக்காரர் கார்ட்டியே பிரெஸ்ஸோன் வாழ்நாளில் பெரும்பகுதி ஒரு லைக்கா கேமராவையும் 50-ஐயும் வைத்துக்கொண்டே ஓட்டினார். இவர்களைச் சொல்லிப் பிள்ளைகளிடம் "ஒன்று போதும்" என்று அதட்டுவது எனக்குப் பிடிக்காது. அவர்கள் எடுத்த படத்துக்கு அது போதுமாக இருந்தது, அவ்வளவுதான். பறவை எடுக்கிறவருக்கு 50-ஐக் கொடுத்தால் என்ன செய்வார்?

உங்களுக்குக் குறைகிற மாதிரி இருக்கிறது என்றீர்களே, அதற்கு ஒரு வழி சொல்கிறேன். எடுத்த படங்களைக் கணினியில் வைத்திருப்பீர்கள். ஒவ்வொரு படத்திலும் எந்த நீளத்தில் எடுத்தது என்ற குறிப்பு இருக்கும். உங்களுக்குப் பிடித்த படங்களை மட்டும் தனியாக எடுத்து வைத்து அந்த எண்ணைப் பாருங்கள். பெரும்பாலானவை 18-லேயே இருந்தால் உங்களுக்கு இன்னும் அகலம் வேண்டியிருக்கிறது. 45-இல் முட்டிக்கொண்டு நின்றால் நீளம் வேண்டியிருக்கிறது. நடுவில் எல்லா இடத்திலும் சிதறிக் கிடந்தால் இப்போதைக்கு எதுவும் வேண்டாம். கிளப்பில் யார் என்ன சொன்னாலும் இந்த எண்ணை நம்புங்கள்.

புதர்வழிப் பயணி

ஐயா எழுதியதைப் படித்தபின் பதில் எழுதத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் வனவிலங்குப் பக்கத்தைச் சொல்ல வேண்டும். நான் மதுரை, இப்போது பிரிட்டோரியா. விடுமுறை என்றால் க்ரூகர் வனவிலங்குப் பூங்கா.

"கிட்டே போ" என்பது எல்லாப் படக்காரர்களும் சொல்லும் அறிவுரை. க்ரூகரில் குறித்த இடங்களைத் தவிர வேறெங்கும் காரை விட்டு இறங்கக் கூடாது. சாலையை விட்டு விலகியும் ஓட்டக் கூடாது. சிங்கம் எங்கே படுத்திருக்கிறதோ அதுதான் தூரம். அதனால் அங்கே லென்ஸின் நீளம் ஆசைக்கான விஷயம் இல்லை. 400-இலிருந்து 600-க்குப் போனால் விலங்கு ஒன்றரை மடங்கு பெரிதாகத் தெரியும், படத்தில் அது பிடிக்கும் பரப்பு இரண்டேகால் மடங்கு.

இரண்டாவது, தூசி. குளிர்காலத்தில்தான் புல் காய்ந்து விலங்குகள் நன்றாகத் தெரியும், அப்போதுதான் மண் சாலையில் புழுதியும் பறக்கும். காரில் உட்கார்ந்து லென்ஸ் கழற்றி மாட்டினால் சென்சாரில் புள்ளி புள்ளியாக விழும். அதனால் ஒரு கேமராவில் 100-400, இன்னொன்றில் அகலமான ஒன்று என்று மாட்டிக் கழற்றாமலே சுற்றுவோம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது மிகை.

ஆனால் ஐயா சொன்னாரே, காசு கொடுத்துத் திருத்த முடிகிற குறையையே திருத்தப் போவது, அது எங்களையும் பிடிக்கிறது. வெயில் ஏறிய பிறகு தரையிலிருந்து கானல் எழும். அதன் வழியாகத் தூரத்தில் இருப்பதை எடுத்தால் உலகத்திலேயே விலை உயர்ந்த 600 எஃப் 4 லென்ஸிலும் சிறுத்தையின் மயிர் சோப்புத் தண்ணீரில் கிடப்பது மாதிரிதான் வரும். அதைப் பார்த்துவிட்டு "என் 150-600 கூர்மை இல்லை" என்று விற்று அடுத்ததை வாங்கியவர்களை எனக்குத் தெரியும். கோடையில் முகாம் வாசல் காலை நாலரைக்கே திறக்கிறது. அந்த நேரத்துக்கு வாசலில் நிற்பதற்குக் காசு ஆகாது, தூக்கம்தான் போகும்.

என் யோசனை, நீளமான லென்ஸை வாடகைக்கு எடுங்கள். நம் நாட்டில் பெரிய ஊர்களில் கிடைக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை க்ரூகர் போகிறவர் 600 எஃப் 4-ஐச் சொந்தமாக வைத்திருப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. கார் ஜன்னலில் வைக்க ஒரு பயறு மூட்டை மட்டும் சொந்தமாகத் தைத்துக்கொள்ளுங்கள், முக்காலியை விட நன்றாக உட்காரும்.

காப்பீட்டையும் மறக்காதீர்கள். வீட்டுக் காப்பீடு இருக்கிறது என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். வெளியே எடுத்துப் போகிற கேமராவையும் லென்ஸையும் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பட்டியலில் சேர்க்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் மாதம் கட்டணம் ஏறும். அந்தப் பட்டியலை எழுத உட்கார்ந்தபோதுதான் எது எனக்கு உண்மையில் வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்தது.

சாட்ஸ்வொர்த் பெண்

அங்கிள், அண்ணா, இருவருக்கும் மிகவும் நன்றி. அங்கிள் எழுதியதைச் சித்திக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். கெட்டிமேளம் வந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி, சித்தப்பா ஒவ்வொரு வெள்ளி இரவும் இரண்டு பை கட்டுவார் என்றார். இரண்டாவது பை காரிலேயே இருக்குமாம். நாங்கள் யாரும் அதைப் பற்றி அவரிடம் கேட்டதே இல்லை.

50-களைப் பார்த்தேன். டாக்குமாரில் இரண்டு எஃப் 1.4, ஒன்று எஃப் 1.8. நிக்கான் எஃப் 2. மஞ்சளாக இருப்பது எஃப் 1.4-இல் ஒன்று. வலை படர்ந்திருப்பது ஒரு 135.

என் படங்களின் எண்ணையும் பார்த்தேன். பிடித்த படங்களில் பெரும்பாலானவை 45-இல் முட்டிக்கொண்டுதான் நிற்கின்றன, எல்லாம் முகங்கள்.

இப்போது என் கேள்வி: இந்தப் பழைய லென்ஸ்கள் என் ஆர்10-ல் மாட்டுமா? மஞ்சளையும் வலையையும் சரி செய்ய முடியுமா? எல்லாவற்றையும் நானே வைத்துக்கொள்ள முடியாது, சித்திக்கும் பணம் உதவியாக இருக்கும்.

லெனேசியா கண்ணாடிக்காரர்

பழைய லென்ஸ் பிரித்துச் சுத்தம் செய்வது என் பொழுதுபோக்கு, அதனால் இதற்கு நான் பதில் சொல்லலாம்.

மஞ்சள்: பயப்பட வேண்டாம். டாக்குமார் 50 எஃப் 1.4-இன் பிந்தைய வடிவத்தில் ஏழு கண்ணாடிகள், அதில் தோரியம் கலந்த கண்ணாடி உண்டு. அது வருடங்கள் போகப் போகத் தானே பழுப்பேறும். புற ஊதா ஒளி பட்டால் தெளியும். வெயில் வரும் ஜன்னலில் பின்பக்கம் அலுமினியத் தாளால் மூடி வாரக்கணக்கில் வையுங்கள், சிறுகச் சிறுகத் தெளிவதைப் பார்ப்பீர்கள். ஒன்று கவனம்: லென்ஸ் சூரிய ஒளியைக் குவிக்கும், திரைச்சீலைக்கும் காகிதத்துக்கும் பக்கத்தில் வைத்தால் தீப்பிடிக்கும். கல் மேலோ ஓட்டின் மேலோ வையுங்கள். தோரியத்துக்குச் சிறிதளவு கதிர்வீச்சு உண்டு. படம் எடுக்கப் பயன்படுத்துவதால் கவலை இல்லை, ஆனால் அந்தக் கண்ணாடியைத் தேய்ப்பதோ மெருகேற்றுவதோ கூடாது.

வலை: அது பூஞ்சை. டர்பன்காரர்களின் லென்ஸ்களில் நான் அடிக்கடி பார்ப்பது இதுதான். ஒரு சின்ன டார்ச்சைப் பின்பக்கத்திலிருந்து அடித்து, துளையை முழுசாகத் திறந்து முன்பக்கத்திலிருந்து சாய்வாகப் பாருங்கள். நூல் நூலாகக் கிளை விட்டிருந்தால் பூஞ்சை. முழுவதும் புகை மூட்டமாக இருந்தால் அது பெரும்பாலும் எண்ணெய் ஆவி, துடைத்தால் போகும். ஓரத்தில் வானவில் மாதிரி தெரிந்தால் ஒட்டிய கண்ணாடிகள் பிரிகின்றன, அதை விட்டுவிடுங்கள். பூஞ்சையை ஆரம்பத்திலேயே பிரித்துத் துடைத்தால் போய்விடும். நாளானால் அது சுரக்கும் அமிலம் பூச்சை அரித்து, துடைத்த பிறகும் தடம் நிற்கும். 135 எஃப் 3.5 என்றால் சுத்தம் செய்யும் கூலி லென்ஸின் விலையைத் தாண்டிவிடும். மற்றவற்றோடு ஒரே பெட்டியில் மட்டும் வைக்காதீர்கள்.

பத்திரப்படுத்த: ஈரப்பதம் 40-இலிருந்து 50 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. மின்சார உலர் பெட்டி நல்லதுதான், ஆனால் மின்வெட்டு வந்தால் அதுவும் நின்றுவிடும். காற்றுப் புகாத சாப்பாட்டு டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும். ஜெல் ஈரமானால் அடுப்பில் மெதுவாகச் சுட்டு மறுபடி வைக்கலாம். தோல் உறையில் மூடி மட்டும் வைக்காதீர்கள், தோல்தான் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பழைய லென்ஸ்கள் கெட்டது பாதி அந்த அழகான உறைகளால்தான்.

மாட்டுமா: தாராளமாக மாட்டும். 42 மில்லிமீட்டர் திருகிலிருந்து ஆர்எஃப்-க்கு ஒரு அடாப்டர், நிக்கானுக்கு இன்னொன்று. உள்ளே கண்ணாடியோ மின்சுற்றோ எதுவும் இல்லாத வெறும் வளையம், விலை குறைவு. கேமரா மெனுவில் "லென்ஸ் இல்லாமல் ஷட்டர் இயங்கலாம்" என்ற அமைப்பை இயக்க வேண்டும், இல்லாவிட்டால் கேமரா லென்ஸே இல்லை என்று நினைத்துக்கொண்டு படம் எடுக்காது. ஃபோகஸ் கையால்தான். விளிம்புகளை வண்ணத்தில் காட்டும் பீக்கிங்கைப் போட்டுக்கொண்டால் சீக்கிரம் பழகிவிடும்.

எதை விற்பது என்றால், பெட்டி பிரிக்காத இரண்டும் டாம்ரான் 90-ம்தான் நல்ல விலைக்குப் போகும் என்று நினைக்கிறேன். பெட்டி, தாள், கையேடு எதையும் எறியாதீர்கள், சேகரிப்பவர்கள் அதற்குத் தனியாகக் கொடுப்பார்கள்.

மாரிட்ஸ்பர்க்காரன்

வேகமாக விற்கச் சொன்னேன், ஐயா எழுதியதைப் படித்த பிறகு அதை வலியுறுத்தமாட்டேன். ஒரு விஷயம் மட்டும்: மொத்தமாக ஒரே ஆளிடம் கொடுத்துவிடாதீர்கள். மொத்தமாக வாங்க வருகிறவர் நல்லது இரண்டுக்கு விலை பேசிவிட்டு மிச்சத்தைச் சும்மா அள்ளிக்கொண்டு போவார். ஒவ்வொன்றாகப் படம் பிடித்து, டார்ச் அடித்துப் பார்த்ததில் தெரிந்த குறையையும் எழுதிப் போடுங்கள்.

முகூர்த்தப் படக்காரர்

45-இல் முட்டிக்கொண்டு முகங்கள் என்றால், உங்களுக்கு வேண்டியது வீட்டிலேயே இருக்கிறது அம்மா. தெளிவாக இருக்கும் 50 எஃப் 1.4-ஐயும் நல்ல 135-ஐயும் வைத்துக்கொள்ளுங்கள். 105-ஐ விற்பதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், உங்கள் கையிலேயே இருக்கட்டும் என்று கெஞ்சிக் கேட்பேன்.

உங்கள் கேமராவின் சென்சார் சிறியது, எல்லா நீளத்தையும் 1.6 ஆல் பெருக்கிப் பாருங்கள். 50 உங்களுக்கு 80 மாதிரி தெரியும், மார்பளவு முகத்துக்கு அதைவிட நல்ல நீளம் கிடையாது. 135 கிட்டத்தட்ட 216. ஆர்10 உடலில் அதிர்வு தடுக்கும் வசதி இல்லை, பழைய லென்ஸிலும் இல்லை. அதனால் 135-இல் ஷட்டரை 1/250-க்குக் கீழே இறக்காதீர்கள், ஆள் நகர்ந்தால் 1/500. எஃப் 1.4-இல் முழுசாகத் திறந்து வைத்தால் கண் கூர்மையாக இருக்கும், மூக்கு மங்கிவிடும். எஃப் 2.8-இல் தொடங்குங்கள், கை பழகிய பிறகு திறக்கலாம்.

புனித வெள்ளியன்று கேட்டோ மேனர் கோயில் தீமிதிக்கு நான் வருவேன். நீங்களும் 135-ஐ மாட்டிக்கொண்டு வாருங்கள். குழியின் கடைசிக் கோடியில், இறங்கி வருகிறவர்களின் முகம் எதிரே வரும் பக்கம் நிற்க வேண்டும். அங்கே இடம் பிடிக்க முந்தின நாளே கோயில்காரர்களிடம் பேசிவிட வேண்டும், நான் அறிமுகம் செய்து வைக்கிறேன். ஃபோகஸைக் குழியின் ஓரத்தில் ஒரு செங்கல்லின் மேல் முன்கூட்டியே வைத்துவிட்டு, ஆள் அந்த இடத்துக்கு வரும்போது அழுத்துங்கள். தணலுக்கு மேலேயும் கானல் ஆடும், அதனால் குழிக்கு நடுவில் இருப்பவரை எடுக்க முயல வேண்டாம், தணலைத் தாண்டிக் கால் வைக்கும் கணம்தான் முகம் தெளிவாக வரும். சித்தியும் ஊரில் இருந்தால் கூட்டி வாருங்கள்.